வெசாக் இரவில் ஒலித்த ஒரு முஸ்லிம் பெயர்: மொஹிதீன் பேக்கும் நமது கண்டியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

வெசாக் வந்தால் கண்டி நகரத்தில் தோரணங்கள் எழும்பும், தன்சல்கள் தொடங்கும், ஒலிபெருக்கியில் பக்திப் பாடல்கள் போகும். அந்தப் பாடல்களுக்கிடையே உயர்ந்த சுருதியில், தொண்டையைத் திறந்து பாடும் ஒரு பழைய ஆண் குரல் கட்டாயம் வரும். "புத்தங் சரணங்" என்று தொடங்கும் அந்தப் பாட்டைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நின்றாலும் கேட்கலாம், பேராதனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றாலும் கேட்கலாம். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் மொஹிதீன் பேக். அல்ஹாஜ் மொஹிதீன் பேக் என்றே நம்மவர்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டின் சேலத்தில் 1919 டிசம்பர் 5 அன்று பிறந்த ஒரு முஸ்லிம்.

நம் உம்மா வாப்பாமாருக்கு இது தெரிந்த செய்தி. நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது. பாட்டுத் தெரியும், பாடியவர் யாரென்று தெரியாது. பேக் கண்டிக்காரர் அல்லர், அவர் வாழ்ந்தது கொழும்பில். ஆனாலும் அவருடைய கதையைக் கண்டியிலிருந்து சொல்லத் தொடங்கினால்தான் அதன் கனம் விளங்கும். அதற்கு அவர் பிறப்பதற்கு நான்கு வருடங்களுக்கு முந்திய ஒரு வெசாக் இரவுக்குப் போக வேண்டும்.

1915ஆம் ஆண்டு. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் போய்ச் சரியாக நூறு வருடம். 1815இல் எழுதப்பட்ட கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, பௌத்த மதமும் அதன் சடங்குகளும் காக்கப்படும் என்று வாக்களித்திருந்தது. அந்தப் பிரிவை வைத்துத்தான் கம்பளையில் ஒரு வழக்கு நடந்தது. கம்பளை அம்பகமுவ வீதியில் கரையோரச் சோனகர்கள், அதாவது இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள், ஒரு பள்ளிவாசல் கட்டியிருந்தார்கள். வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா அந்த வழியால் போகும்போது பள்ளிக்கு முன்னால் மேளத்தை நிறுத்த வேண்டும் என்று 1912இல் அதிகாரிகள் நிபந்தனை போட்டார்கள். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே நீதிமன்றம் போனார். 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் தீர்த்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது.

சட்டப்படி வழக்கு முடிந்தது. மனத்தாங்கல் முடியவில்லை. உலகப் போர் காரணமாகச் சாமான்களின் விலை ஏறியிருந்த நேரம் அது. அரிசியும் பலசரக்கும் கடனும் பெரும்பாலும் கரையோரச் சோனகரின் கடைகளில். விலையேற்றத்தின் கோபம் முழுவதும் கடைக்காரர் மேல் திரும்பியது. அதை ஊதிவிடப் பத்திரிகைகளும் பேச்சாளர்களும் இருந்தார்கள்.

அந்த மே 28 வெசாக் இரவு. அந்தக் காலத்தில் வெசாக்குக்கு வண்டிகளில் ஏறிப் பக்திப் பாடல்கள் பாடிக்கொண்டு ஊர்வலம் போகும் வழக்கம் புதிதாக வந்திருந்தது. கிறிஸ்தவர்களின் கரோல் முறையைப் பார்த்துப் பௌத்த மறுமலர்ச்சிக்காரர்கள் அமைத்த வழக்கம். இன்று வெள்ளையுடுத்த பிள்ளைகள் லொறியில் நின்று பாடிப் போகிறார்களே, அதன் மூதாதை இதுதான். அப்படி ஓர் ஊர்வலம் நள்ளிரவுக்குப் பிறகு கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலை நெருங்கியது. பள்ளி இன்னும் திறந்திருந்தது. பொலிசார் ஊர்வலத்தைப் பக்கத்து வீதியால் திருப்பப் பார்த்தார்கள். இரு பக்கமும் கூச்சல், பிறகு கல், பிறகு பள்ளியும் கடைகளும் தாக்கப்பட்டன.

கண்டியில் பற்றிய நெருப்பு சில நாட்களில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. ஜூன் 2 அன்று இராணுவச் சட்டம் வந்தது. அரசுக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. அதன்பின் ஆங்கில அரசு நடத்திய அடக்குமுறையில் சிங்களவர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விசாரணை என்ற பெயரில் நடந்ததைப் படித்தால் இன்றும் நெஞ்சு பதறும். இரண்டு சமூகமும் காயப்பட்டது. முதல் கல் விழுந்த இடம் நம் நகரம். காரணமாகச் சொல்லப்பட்டது, வெசாக் இரவில் பள்ளிவாசலுக்கு முன்னால் இசை.

இதை மனதில் வைத்துக்கொண்டு பேக்கின் வாழ்க்கையைப் பாருங்கள்.

1930களின் தொடக்கத்தில், பதின்மூன்று வயதையும் எட்டாத பையனாக, மொஹிதீன் பேக் இலங்கைக்கு வந்தார். மூத்த சகோதரர் ஒருவர் இங்கே காலமானதை அடுத்து வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார் என்று சொல்வார்கள். 1915இல் "வந்தேறிக் கடைக்காரர்" என்று எவர் மேல் கோபம் திரும்பியதோ, அந்த இந்திய முஸ்லிம் கூட்டத்தில் ஒருவராகத்தான் இந்தப் பையனையும் நாடு பார்த்திருக்கும். அந்தக் கலவரத்துக்கு இருபது வருடம்கூட ஆகவில்லை.

அப்போது கொழும்பில் இசைத்தட்டுத் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. சிங்கள இசையோ அதற்கு முன்பே இந்தியாவோடு பின்னிப் பிணைந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவின் பார்சி நாடகக் குழுக்கள் இங்கே வந்து ஆடின. அவற்றின் இந்துஸ்தானி மெட்டுகளில்தான் நூர்த்தி நாடகங்களின் பாட்டுகள் பிறந்தன. இசைத்தட்டுகளும் அந்த வழியிலேயே போயின. இசையமைப்பாளர்களில் ஒருவர் முகம்மது கௌஸ், எல்லோருக்கும் "கௌஸ் மாஸ்டர்". அவரும் இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம். அவரிடம்தான் பேக்கின் குரல் போய்ச் சேர்ந்தது.

1930களின் பிற்பகுதியில் பேக்கின் முதல் இசைத்தட்டு வந்தது. "கருணா முஹுதே நமு கிலீலா" என்ற பாட்டு. உடன் பாடியவர் கே. கே. இராஜலட்சுமி. அது பௌத்த பக்திப் பாட்டு. கவனியுங்கள், அவர் பாட வந்த முதல் பாட்டே அதுதான். ஒரு முஸ்லிம் ஆணும் இராஜலட்சுமி என்ற பெயருடைய பெண்ணும் சேர்ந்து பாடிய சிங்கள பக்திப் பாட்டு வீடுகளிலும் கடைகளிலும் சுழன்றது. தட்டின் உறையிலும் நடுவிலிருந்த வட்டக் காகிதத்திலும் பெயர்கள் அச்சாகியிருந்தன. யாரும் மறைக்கவில்லை.

இளம் வாசகர்களுக்காக ஒன்று சொல்லி வைக்கிறோம். அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். வாத்தியக்காரரும் பாடகரும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் பாடி முடிக்க வேண்டும். வெட்டி ஒட்டுகிற வசதி கிடையாது. பிழைத்தால் முதலிலிருந்து மறுபடியும். அதிலும் சிங்களம் பேக்கின் தாய்மொழி அல்ல. தமிழில் நாம் ஒரே "ப" போட்டு எழுதும் ஒலிகளைச் சிங்களமும் பாளியும் தனித்தனி எழுத்தாக வைத்திருக்கின்றன. சரண வாசகத்தில் ஓர் ஒலி தவறினாலும் பன்சலைக்குப் போகிற மூதாட்டி கண்டுபிடித்துவிடுவார். வேற்றுமொழிக்காரர் என்ற குறை காதில் விழாதபடி பாடினார் என்பதனால்தான் அந்தப் பாட்டுகள் நிலைத்தன. இரண்டாம் மொழி படிக்க அலுத்துக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியாது.

1947இல் சிங்களப் பேசும் படம் பிறந்தது. முதல் படமான "கடவுணு பொறொந்துவ" ஜனவரியில் திரைக்கு வந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம், தமிழர். எடுக்கப்பட்டது மதுரைப் பக்கத்து ஸ்டூடியோவில். கதாநாயகி ருக்மணி தேவி, நம் பக்கத்து றம்பொடையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் டெய்சி டேனியல்ஸ். கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிற பாதையில் இருக்கிறதே, அதே றம்பொடைதான். பெரஹரா வழக்கு நடந்த ஊரையும் சிங்களத் திரையின் முதல் நாயகி பிறந்த ஊரையும் ஒரே பஸ் பாதை இணைக்கிறது.

அதே வருடத்தில் இரண்டாவது படம் "அசோகமாலா". துட்டகைமுனு மன்னனின் மகன் சாலிய, குலம் பாராமல் மணந்த பெண்ணின் கதை. இசை கௌஸ் மாஸ்டர். பேக்கின் திரைப் பயணம் அந்தப் படத்தில் தொடங்கியது. சிங்களப் படத்துக்குக் குரல் கொடுத்த முதல் தலைமுறையில் முன்வரிசையில் நின்றவர் அவர். அதன்பின் பல பத்து வருடங்களுக்கு ருக்மணி தேவியோடும் லதா வல்பொலவோடும் மற்றவர்களோடும் அவர் பாடிய சோடிப் பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. இசைக் குழுக்களில் ஆர். முத்துசாமி, எம். கே. றொக்சாமி போன்ற தமிழர்கள் இருந்தார்கள். இன்று "தூய சிங்களப் பழைய பாட்டு" என்று ஏக்கத்தோடு கேட்கப்படுபவற்றில் எத்தனையோ, பல சமூகத்தவர் ஒரு அறைக்குள் இருந்து செய்தவை.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். ஹிந்திப் பட மெட்டுகளுக்குச் சிங்கள வரிகள் போடுவதா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அதில் நியாயமும் இருந்தது. ஆனந்த சமரக்கோன், சுனில் சாந்த, பிறகு அமரதேவ என்று சொந்த மெட்டைத் தேடியவர்கள் சிங்கள இசையை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். காலப்போக்கில் பல ஹிந்தி மெட்டுப் பாட்டுகள் மறந்தும் போயின. பேக்கின் பக்திப் பாட்டுகள் மறக்கப்படவில்லை. அவை வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் திரும்பி வந்தன.

பேக்கின் வாழ்க்கையில் எங்களை நிறுத்தி யோசிக்க வைப்பது அவருடைய பெயர்.

அந்தக் காலத்துக் கலையுலகில் பெயர் மாற்றுவது சாதாரணம். டெய்சி டேனியல்ஸ் ருக்மணி தேவி ஆனார். ரீட்டா பெர்னாண்டோ என்ற பெண் லதா ஆனார். இந்தியாவில் யூசுப் கான் திலீப் குமார் ஆனார், மஹ்ஜபீன் மீனா குமாரி ஆனார். அவர்களைக் குறை சொல்ல எழுதவில்லை, தொழில் அப்படிக் கேட்டது. மொஹிதீன் பேக்குக்கும் அது எளிது. அவர் திரையில் முகம் காட்டிப் பிழைத்த நடிகர் அல்ல, குரல்தானே. ஒரு சிங்களப் பெயரை ஒட்டிக்கொண்டிருந்தால் கேட்பவருக்கு வித்தியாசமே தெரிந்திராது. அவர் மாற்றவில்லை. ஆகவே வானொலியில் வெசாக் பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்ன பெயர் மொஹிதீன் பேக் என்பதாகவே இருந்தது. 1915இன் வெசாக் இரவில் எந்தப் பெயர்கள் பகைக்குரியவையாக இருந்தனவோ, அப்படியொரு பெயரை வெசாக் நாளில் சிங்கள வீடுகள் அன்போடு உச்சரித்தன. சட்டமும் நீதிமன்றமும் செய்ய முடியாத வேலை அது. முப்பது நாற்பது வருடத்துக்குள் நடந்தது.

நம்மில் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள் என்று தெரியும். இசை ஆகுமா? இன்னொரு மதத்தின் சரண வாசகத்தை ஒரு முஸ்லிம் பாடலாமா? மார்க்கத் தீர்ப்பு உலமாக்களின் வேலை, நாங்கள் அதில் இறங்கவில்லை. வரலாறு சொல்வதை மட்டும் சொல்கிறோம். அவர் பிறந்த மார்க்கத்தை விட்டுப் போகவில்லை. அல்ஹாஜ் என்ற சொல்லோடுதான் இன்றும் நினைக்கப்படுகிறார். சிங்களவர்களும் அவரை மதம் மாறியவராக நினைத்து ஏற்கவில்லை, முஸ்லிம் என்று தெரிந்தே ஏற்றார்கள். அரசு அவருக்குக் கலாசூரி பட்டம் கொடுத்தது. 1991 நவம்பர் 4 அன்று காலமானார். மகன் இஷாக் பேக் தகப்பனாரின் பாட்டுகளை மேடைகளில் பாடி வருகிறார்.

இத்தோடு முடித்தால் இது இனிப்பான கதை. நல்லிணக்கக் கூட்டங்களில் இப்படித்தான் முடிப்பார்கள். வரலாறு படிப்பிக்கிறவர்கள் மீதியையும் சொல்ல வேண்டும்.

"அசோகமாலா" வந்த மறு வருடம் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை இலட்சக்கணக்கில் நாடற்றவர்களாக்கியது. கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களின் பாட்டன் பாட்டிமார் திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். சேலத்துக்காரர் ஒருவரின் பாட்டை வானொலியில் கேட்டு உருகிய அதே நாடு, சேலத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் "நீ இந்த நாட்டவனா?" என்று கேட்டது. ஒருவருடைய குரலில் மயங்குவதற்கும் அவருடைய ஆட்களுக்கு உரிமை கொடுப்பதற்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்க முடியும்.

பிறகு 2018 மார்ச். நாம் எல்லோரும் கண்டது. தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர்கள் சிலர் சிங்கள லொறிச் சாரதி ஒருவரைத் தாக்கினார்கள். அவர் ஆஸ்பத்திரியில் உயிரிழந்தார். அது கொலை, அதற்கு நியாயம் கிடையாது. அதற்குப் பழி என்று திகன, கெங்கல்ல, தெல்தெனிய, மெனிக்ஹின்ன, அம்பதென்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று நம் ஊர்கள் வரிசையாகத் தாக்கப்பட்டன. வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. திகனவில் எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6 அன்று அவசரகால நிலை வந்தது, மறுநாள் முகநூல் முடக்கப்பட்டது. 1915இல் பத்திரிகைகளும் பேச்சாளர்களும் செய்ததை இந்த முறை நாங்கள் இதை எழுதிக்கொண்டிருக்கும் இதே முகநூல் செய்தது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு அந்த நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது.

திகனவில் கல்லெறிந்தவர்களின் வீடுகளிலும் வெசாக்குக்கு பேக்கின் பாட்டு ஒலித்திருக்கும். நினைக்கவே கசப்பாக இருக்கிறது. ஆனால் இதை நேராகப் பார்க்க வேண்டும். ஒரு பாடகர் மேல் வைக்கிற அன்பு தானாகவே பக்கத்து வீட்டுக்காரர் வரை வந்து சேராது. "பேக் மாத்தயா வேறு, இவர்கள் வேறு" என்று மனம் சுலபமாகப் பிரித்துக்கொள்ளும். அவரை விதிவிலக்காக வைத்து நேசித்துவிட்டு, மற்றவர்களை விதியாக வைத்து வெறுக்க முடியும்.

நம் பக்கத்திலும் ஒரு பிழையான பாவனை இருக்கிறது. ஏதாவது கலவரம் நடந்ததும் நல்லிணக்க மேடை போட்டு, "பாருங்கள், எங்கள் மொஹிதீன் பேக் உங்கள் புத்தரைப் பாடினார்" என்று அவரைச் சாட்சிக்கு அழைக்கிறோம். ஒரு சமூகம் இந்த மண்ணில் பயமில்லாமல் வாழ்வதற்குப் பாட்டுப் பாடிக் காட்ட வேண்டியதில்லை. கண்டி அரசர் காலத்தில் மடிகே பிரிவில் பொதி மாடு ஓட்டிய நம் மூதாதையருக்கும், அரண்மனைக்கு மருந்து அரைத்த முஸ்லிம் வைத்தியர்களுக்கும் இங்கே இடம் இருந்தது. போர்த்துக்கேயர் 1626இல் முஸ்லிம்களைத் துரத்தியபோது செனரத் மன்னர் அவர்களை ஏற்றுக் கிழக்கில் குடியமர்த்தினார். அவர்களிடம் யாரும் பாட்டுக் கேட்கவில்லை. பேக்கை நினைப்பது அனுமதிச் சீட்டாக அல்ல. ஒரு பெரிய கலைஞனாக, நம் நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியாக அவரை நினைக்க வேண்டும்.

அப்படியானால் அவரால் என்ன பயன் என்று கேட்டால், எங்களுக்குத் தோன்றுவது இது. 1915இல் நடந்தது ஒரே இரவில் நடந்தது. பேக் செய்தது ஐம்பது வருடத்துக்கு மேல் எடுத்தது, ஒவ்வொரு பாட்டாக, ஒவ்வொரு வெசாக்காக. உடைக்கிறவர்கள் வேகமாக வேலை செய்வார்கள், கட்டுகிறவர்களுக்குக் காலம் வேண்டும். ஆனாலும் 2018இல் நம் ஊர்கள் சிலவற்றில் சிங்கள அயலவர்களும் பிக்குமாரும் பள்ளிவாசல் வாசலில் காவல் நின்றார்கள். அவர்களும் எங்கிருந்தோ கற்றவர்கள்தான். சிலர் அயலவரிடமிருந்து, சிலர் ஆசிரியரிடமிருந்து, சிலர் ஒருவேளை வானொலியில் கேட்ட ஒரு பெயரிடமிருந்து.

ஆசிரியர்களாக எங்களால் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். 1915 பாடம் வரும்போது காசல் ஹில் வீதியைக் காட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டாமல், பேக்கின் பெயரையும் கரும்பலகையில் எழுதுவோம். சிங்களப் பாடசாலைகளில் கற்பிக்கும் நம் நண்பர்களிடமும் அப்படியே கேட்போம். அங்குள்ள பிள்ளைகளுக்கும் பாட்டுத் தெரிந்திருக்கும், பாடியவரின் ஊரும் வரலாறும் தெரிந்திருக்காது.

பெற்றோர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், பழைய ரேடியோ நாட்களைப் பற்றிக் கேளுங்கள். பேக்கின் பாட்டை எந்தக் கடையில், யாரோடு நின்று கேட்டார்கள், அப்போது பக்கத்தில் இருந்த சிங்களக் குடும்பம் எது, அவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். பிள்ளைகளை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வெசாக்குக்கு முன்னர் பாடசாலைக்குக் கொண்டுவந்தால் நாங்கள் ஒன்றாகத் தொகுத்து வைக்கிறோம்.